நாலு கழி, ஒரு துணி

ரக்தாட்சி வருஷம், ஐப்பசி 4

மழை. கொச்சியிலிருந்து வந்த கடிதத்தை அப்பா மூன்று தடவை படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். அரோன் பாஸ் தன் மகளை எனக்குத் தரச் சம்மதிக்கிறார். பெண் பெயர் ரகேல். பத்தொன்பது வயது. வாடைக் காற்று அடங்கியதும் கப்பலில் அழைத்து வருவார். கல்யாணம் இங்கே, பழவேற்காட்டில்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. எழுதிப் பார்க்கிறேன்: சந்தோஷம். எழுத்து நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அப்பா தமிழ் பேசுவார், படிக்கமாட்டார். அம்மா எதையுமே படிக்கமாட்டாள். ஒல்லாந்து தேசத்து லைடனில் லத்தீனில் வைத்தியம் படித்தேன். அப்பாவோடு போர்த்துகீஸ், டச்சுக்காரர் கோட்டையில் ஒல்லாந்து மொழி. எனக்கு நானே பேசிக்கொள்ள மிச்சம் இருப்பது இது.

ஐப்பசி 5

மழை.

ஐப்பசி 19

லைடனில் கூடப் படித்தவர்கள் என்னை 'யூதன்' என்றார்கள். ஆம்ஸ்டர்டாம் ஜெபக்கூடத்தில் யூதர்கள் 'அந்தக் கறுப்பன்' என்றார்கள். இங்கே ஏரிக்கரையில் என் தாய்மாமன் சுப்பன்கூட மற்றவர்கள் எதிரில் என்னைத் 'தொர' என்கிறார். மூன்று இடத்திலும் மூன்று பெயர். எந்தப் பெயரிலும் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு கல்யாணம் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் நின்று. நாலு கழி, மேலே ஒரு துணி, அடியில் இரண்டு பேர். அவ்வளவுதான் அந்த மேற்கட்டி. ஹுப்பா என்பார்கள். அது வீடாம். சுவர் இல்லை, கதவு இல்லை, அடுப்பு இல்லை. ஆனால் அதன் அடியில் நிற்பவனை நீ யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேள்விகள் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் முகம் நினைவில் இல்லை. அந்தத் துணியின் நிழல் நினைவிருக்கிறது.

கார்த்திகை 2

கேள்வி வந்துவிட்டது.

கொச்சியிலிருந்து இரண்டாவது கடிதம். 'பையனின் தாய் முறைப்படி நீரில் மூழ்கி நம் மார்க்கத்துக்கு வந்தவளா? பையன் பிறப்பதற்கு முன்பா, பின்பா? சாட்சி யார்?'

நம் சட்டத்தில் தாய் எதுவோ பிள்ளை அது. அப்பா யூதர் என்பது அதில் உதவாது.

அம்மா பெயர் ராஜாத்தி. ஏரியில் கையால் இறால் தடவும் குடும்பம். விய வருஷப் பஞ்சத்தில் பத்து வயதில் அவளைக் கோட்டை வாசலில் விற்றார்கள். பல கை மாறி அப்பாவிடம் வந்தாள். அப்பா அவளுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ரூத் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் அவள் ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புவாள்.

அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. "விகாரி வருஷம் ஏரியில் மூழ்கினாள். நீ பிறக்க ஒரு வருஷம் முன்னால். நானும் இன்னும் இரண்டு பேரும் சாட்சி." அந்த இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். எழுதி வைத்த தாளைக் கரையான் தின்றுவிட்டது.

"அவள் இருக்கிறாளே. அவளே சொல்வாள்" என்றார்.

கார்த்திகை 11

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டில் இல்லாதபோது மட்டும் உரிப்பாள், பின்கட்டில். எங்கள் மார்க்கத்தில் இறால் ஆகாது. இது சுப்பன் மாமா வீட்டுக்கு. சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலத்தான் கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கயுத்து மட்டும் தண்ணியில உக்காருன்னாங்கோ. உக்காந்தேன். மூணு பேரும் முதுவக் காட்டிக்கினு நின்னுட்டாங்கோ, வெக்கமாம். உங்கப்பா அந்தப் பேச்சுல இன்னாவோ கத்துனாரு. நானும் சரின்னேன். எயுந்து வந்துட்டேன்."

"தலை?"

"தலைக்கு இன்னா?"

"தலையைத் தண்ணிக்குள்ள முக்கினியா?"

அம்மா சிரித்தாள். "எவடா தல முங்குவா? எங்காளுங்க எவளாச்சும் ஏரியில தல முங்கிப் பாத்துக்கிறியா? வாயில பறி கீதே."

உண்மை. சின்ன வயதில் மாமாவோடு தோணியில் போய்ப் பார்த்திருக்கிறேன். பெண்கள் கழுத்தளவு நீரில் குந்தியபடியே நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவும். இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்திருப்பார்கள். தலை இறங்கினால் பறி மூழ்கும், பிடித்ததெல்லாம் ஓடிவிடும். நீர் மோவாயைத் தொட்டதும் கழுத்து தானாகவே மேலே நீளும்.

"ஏயு வயசுலேர்ந்து தடவுனவ நானு. தல நனஞ்சா எங்காத்தா வெளக்குமாத்தால சாத்துவா. இன்னாத்துக்குக் கேக்கற?"

"ஒண்ணுமில்லம்மா."

கார்த்திகை 12

ஒரு மயிர் நீருக்கு வெளியே இருந்தாலும் செல்லாது. இங்கே ஒரு முழுத் தலை.

ஆகவே அவள் மூழ்கவில்லை. ஆகவே அவள் வரவில்லை. ஆகவே நானும் யூதன் இல்லை. இருபத்துநான்கு வருஷமாக நான் சொன்ன ஜெபங்கள்? யாரோ ஒருவன் யாரோ ஒருவருடைய வீட்டில் சொன்னவை.

வழி இருக்கிறது. மூன்று பேர் முன்னால் நானே மூழ்கலாம். புதிதாக வந்தவன் ஆவேன். கல்யாணப் பத்திரத்தில் அப்பாவின் பெயருக்குப் பதில் 'ஆபிரகாமின் மகன்' என்று எழுதுவார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் அதுதான் தகப்பன் பெயர். இந்தப் பக்கம் அப்படி வருகிறவர்கள் விடுதலையான அடிமைகள்தான்; அடிமையின் பிள்ளை என்று அதற்கு அர்த்தம். கொச்சியில் அப்படிப்பட்டவர்களை ஜெபக்கூட வாசலில் தரையில் உட்கார வைக்கிறார்களாம். அரோன் பாஸ் பெண் தரமாட்டார்.

லைடனில் கால்வாயில் விழுந்து செத்த ஒருவனை மேசையில் கிடத்தி அறுத்தோம். அவன் தலை முழுக்க மூழ்கியிருந்தது. சட்டப்படி குறை இல்லை.

இதையெல்லாம் நான் நம்புகிறேனா? இல்லை. பின் ஏன் விடியும்வரை இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

கார்த்திகை 13

சொல்லப் போவதில்லை.

மார்கழி 20

மேற்கட்டித் துணி தயார். சாயக்காரர் மாசிலாமணியிடம் சொல்லிச் செய்தது. ஓரத்தில் மாதுளைக் கொடி, சிவப்பும் அவுரி நீலமும். நடுவை வெள்ளையாக விடச் சொல்லியிருந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை. "நடுவுல வெறுமனே வுட்டா பொணத்துமேல புடிக்கிற துணி கணக்கா இருக்குது தொர. ரெண்டு பூவாச்சும் போடட்டா?"

போடச் சொல்லவில்லை.

கழிகள் சுப்பன் மாமா தந்தவை. தோணி தள்ளும் கழி நாலு. துணியைக் கட்ட ஒவ்வொன்றின் தலையிலும் நானே துளை போட்டேன். "கல்யாணம் முடிஞ்ச கையோட குட்த்துடணும். கழியில ஓட்ட இருந்தாலும் தோணி போவும்" என்றார்.

தை 28

கப்பல் வந்தது. படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ரகேல் உயரம். அலையில் பாதி நனைந்திருந்தாள். யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள்.

மாசி 3

எழுத வேண்டும். எழுதினால்தான் இது நடந்தது என்று ஆகும்.

கூடத்தில் அரோன் பாஸ், அவர் பக்கத்தில் ரகேல், எதிரில் அப்பா, கீழே பாயில் அம்மா. அரோன் பாஸ் ஆம்ஸ்டர்டாமில் வளர்ந்தவர். போர்த்துகீஸ் தவிர ஒன்றும் தெரியாது. அவர் கேட்க வேண்டும், நான் தமிழில் சொல்ல வேண்டும், அம்மாவின் பதிலை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்தான் துபாஷி. இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது என்று அவரே சொன்னார்: மகன் தாயின் வார்த்தையை மாற்றுவானா?

எந்த வருஷம், எந்த இடம், எத்தனை பேர். அம்மா சொன்னாள், நான் சொன்னேன். எல்லாம் சரியாக.

பிறகு: "உடல் முழுவதும் நீருக்குள் போனதா? தலையும்?"

நான் அம்மாவிடம் கேட்டேன். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம். ஏன் அதையே கேட்டேன்? அவள் வாயால் ஆம் வந்துவிடும் என்று ஒரு நொடி—

"அதான் அன்னிக்கே சொன்னேனேடா. தல முங்கலன்னு."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவருக்குத் தமிழ் நன்றாகக் கேட்கும். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் அரோன் பாஸைப் பார்த்துப் போர்த்துகீஸில் சொன்னேன்: "தலையும் மூழ்கியது. மூன்று முறை."

மூன்று முறை. யாரும் கேட்கவில்லை. பொய்க்கு அலங்காரம்.

அரோன் பாஸ் எழுந்து அம்மாவுக்குத் தலை வணங்கினார். "இன்னா சொல்றாரு?" என்றாள் அம்மா. "உன்னை மெச்சறாரும்மா." அவள் வெட்கப்பட்டுத் தலைப்பை இழுத்துக்கொண்டாள்.

ரகேல் என்னைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அதை ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

மாசி 4

அப்பா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இன்று என்னை 'மகனே' என்று கூப்பிட்டார். வழக்கமாக 'எலியா' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

மாசி 13

நாளை. சென்னைப்பட்டணத்து வைர வியாபாரிகள் ஏழு பேர் வந்து இறங்கிவிட்டார்கள். சடங்குக்குப் பத்து யூத ஆண்கள் வேண்டும். ஏழு பேர், அரோன் பாஸ், அப்பா, நான். பத்தாவது ஆள் நான். இதை நினைத்துச் சிரிப்பு வந்தது. பின்கட்டுக்குப் போய்ச் சிரித்தேன்.

சுப்பன் மாமாவுக்கு வேறு கவலை. "செவ்வாக்கெயமையிலயா கண்ணாலம் வைப்பாங்கோ? செவ்வாயோ வெறுவாயோம்பாங்க. உங்க ஆளுங்களுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாதா வைத்தியரே?"

எங்களுக்குச் செவ்வாய்தான் நல்ல நாள் என்றேன். கடவுள் உலகைப் படைத்தபோது அன்றைக்கு இரண்டு முறை 'நல்லது' என்றாராம்.

"இரண்டு முறை சொன்னாரென்றால் அவருக்கே சந்தேகம்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும் லைடனில் எவனாவது. மாமா அப்படியெல்லாம் சொல்லவில்லை. "உங்களுக்கு ஆவும்னா சரி" என்று கழிகளைத் துடைத்து வைத்தார்.

மாசி 14, செவ்வாய்

நின்றேன்.

ஏரிக்கரையில், முற்பகலில். கழிகளை மாமாவும் அவர் ஆட்கள் மூன்று பேரும் பிடித்தார்கள். கடல் காற்று. துணி பாய்போல் புடைத்து எழுந்தது. மாமா தோணியில் நிற்கிற பழக்கத்தில் கழியைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துக் காலை அகற்றி ஊன்றினார். மற்றவர்களும் அப்படியே. எந்த நொடியும் நாங்கள் எல்லாரும் கரையிலிருந்து கிளம்பிவிடுவோம் போல இருந்தது.

துணியின் நிழல் என் கையில் விழுந்தது. ரகேலின் கையிலும். நீ யார் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா எங்களோடு துணிக்கு அடியில் நின்றாள், சிவப்புக் கரைச் சேலையில். மோதிரம் போட்டேன். ஏழு ஆசிகள். வழக்கப்படி கண்ணாடிக் கிண்ணத்தைக் காலால் நொறுக்கினேன். "நல்ல கிண்ணம்டா!" என்றாள் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி.

மாசி 15

நேற்று எழுதி முடித்தது முழுதும் உண்மை இல்லை.

சடங்கு முடிந்ததும் மணமக்களைத் தனியே ஓர் அறையில் விடுவார்கள். கொஞ்ச நேரம். வெளியே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் ஒரு ரொட்டி. கதவு சாத்தியதும் ரகேல் முக்காட்டை எடுத்தாள்.

"தல முங்ஙியில்லல்லோ" என்றாள்.

மலையாளம். கொச்சியில் அவளை வளர்த்த தாதி மலையாளத்துக்காரி. அன்று கூடத்தில் அவள் அப்பாவுக்குத் தெரியாத மொழியில் அம்மா சொன்னதெல்லாம், தமிழ் மலையாளத்துக்குப் பக்கத்து மொழி என்பதால், அவளுக்குப் புரிந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு மொழிக்கு நடுவில் நான் ஒருவன்தான் நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"தெரிந்தும் ஏன் வந்து நின்றாய்?"

"தெரிந்ததால்தான் நின்றேன்."

ஆம்ஸ்டர்டாமில் அவளுடைய மாமி மகன் இருக்கிறான். சிறு வயதில் கொச்சியில் ஒன்றாக இருந்தவர்கள். அரோன் பாஸுக்கும் அவர்களுக்கும் பகை. கல்யாணம் ஆகாத பெண்ணைத் தகப்பன் சம்மதம் இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கல்யாணம் ஆனவளுக்குக் கணவனின் கையெழுத்து போதும். இன்னொருவனை மணந்திருந்தால் அவன் விலக்குச் சீட்டுத் தரவேண்டும், தரமாட்டான். யூதன் அல்லாதவனோடு நடந்தது சட்டப்படி கல்யாணமே இல்லை, என்னிடம் அதுகூடத் தேவையில்லை.

"அந்தத் துணிக்கு அடியில் ஒன்றும் நடக்கவில்லை. உங்களுக்கும் தெரியும். உங்கள் அம்மா அப்படிச் சொன்னபோது நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்."

நான் சாத்திய கதவைப் பார்த்தேன்.

"நாலு பக்கமும் திறந்த வீடு" என்றாள். "வெளியே போகக் கதவு தேடவேண்டாம்."

அவள் கொடுமைக்காரி இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும். ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தாள். வெளியே வாழ்த்துப் பாட்டு. இரண்டு பேரும் மென்றோம்.

மாசி 22

அரோன் பாஸ் கொச்சிக்குக் கப்பல் ஏறினார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மாமா கழிகளைக் கேட்டு வாங்கிப் போனார்.

குரோதன வருஷம், ஆனி 9

ஒரே வீட்டில், அண்ணன் தங்கை போல. ரகேலுக்கு அம்மா தலை வாரிவிடுகிறாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் பேசிச் சிரிக்கிறார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

இன்று அம்மா தனியாகக் கேட்டாள்: "பொண்ணு புளிப்பு கேக்குதாடா? மாங்கா வாங்கியாரட்டா?"

இன்னும் இல்லம்மா என்றேன்.

எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

ஆவணி 17

கையெழுத்துப் போட்டேன். 'என் மனைவி ரகேல் தன் மாமியைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் செல்ல என் முழுச் சம்மதம்.' அதில் 'என் மனைவி' என்பது ஒரு பொய். அதை எழுதும்போதுதான் கை ஒழுங்காக நின்றது.

ஆவணி 20

போய்விட்டாள். இலங்கைக்குப் போகும் கப்பல். அங்கிருந்து மற்றது.

ஒன்றே ஒன்று கேட்டாள்: அந்தத் துணி. மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பெருமை. "பாத்தியா, கண்ணாலத் துணிய வுட்டுட்டுப் போவ மனசு வரல."

ஆவணி 21

ஒன்றுமில்லை.

பிரபவ வருஷம், ஆனி 6

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இந்தத் தாள்களைத் தொடவில்லை. எழுத என்ன இருந்தது? காய்ச்சல், பேதி, கோட்டைச் சிப்பாய்களின் புண்கள். மழை பொய்த்துவிட்டது. கோட்டை வாசலில் மறுபடியும் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு ஏற்றுமுன் அவர்களின் பல்லைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. வேறு ஒருவர் போனார். அதனால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் மாறவில்லை.

இன்று அரோன் பாஸின் கடிதம் வந்தது. அப்பாவுக்கு.

ரகேல் ஆம்ஸ்டர்டாமில் பெரியவர்கள் முன் நின்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் விசாரித்து, நடந்தது கல்யாணமே அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். போன கோடையில் மாமி மகனை மணந்தாள். 'உங்கள் ஊரிலிருந்து அவள் கொண்டுபோன துணியின் அடியில்' என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை அழுத்தி எழுதியிருக்கிறார். மை மறுபக்கம் தெரிகிறது.

மாசிலாமணிக்குச் சொல்ல வேண்டும். நடுவில் பூ இல்லாததை அங்கே யாரும் குறை சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்பா கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அம்மாவிடம் கத்தினார், தமிழில்: "ஒரு தலையை முக்க முடியவில்லை உன்னால்! ஒரு தலையை!"

அவருக்குத் தெரியும். அன்று கண்ணாடியைத் துடைத்தாரே. இப்போது எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் புதிது.

ஆனி 7

அம்மா என்னிடம் வந்தாள். அழவில்லை. குழம்பிப்போன முகம்.

"அதுக்கோசரமாடா அந்தப் பொண்ணு போயிட்டா? என் தல முங்காததுக்கா?"

"இல்லம்மா."

"அன்னிக்கே சொல்லிக்கலாமேடா. முங்கியிருப்பேனே. கண்ணு மூடித் தெறக்கற வேல."

எதை அவளுக்கு விளக்குவது? நான் கேட்ட அன்றைக்கு அவள் மூழ்கியிருந்தாலும் நான் பிறந்தது அதற்கு முன்பே என்றா? அவள் உண்மையைச் சொன்னாள், பொய் சொன்னவன் நான் என்றா?

ஆனி 15

சனிக்கிழமை. சென்னைப்பட்டணத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். எட்டுப் பேர், அப்பாவோடு ஒன்பது. நான் கூடத்தில்தான் இருந்தேன். 'பத்துப் பேர் சேரவில்லை' என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஆள் தனியாக ஜெபம் சொன்னார்கள். அப்பா சுவரைப் பார்த்து நின்றார்.

நானே மூழ்கிவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். மூன்று பேர் வேண்டும். சொன்னவர்கூட வரத் தயாராக இல்லை.

ஆடி 2

விடியற்காலை மாமாவின் தோணியில் போனேன், அம்மாவும் கூட. இப்போதெல்லாம் அவள் தினமும் அவரோடு போகிறாள். அப்பா தடுப்பதில்லை. அவளைப் பார்ப்பதும் இல்லை.

கழி என் கையில் இருந்தது. தலைப்பக்கம் விரலில் ஏதோ இடறியது. நான் போட்ட துளை.

ஏரி வற்றிக் கிடக்கிறது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. முழங்கால் அளவுதான் தண்ணீர். அம்மா இறங்கினாள். பறியை வாயில் வைக்கப் போனவள் நிறுத்தி, அதைத் தோணிக்குள் வைத்தாள்.

"எலியா, இப்ப முங்குனா ஆவாதாடா?"

பதில் சொல்வதற்குள் மண்டியிட்டுவிட்டாள். இடுப்புக்குத்தான் நீர் வந்தது. குப்புறச் சாய்ந்தாள். முதுகு மறைந்தது. நரைத்த கொண்டை மட்டும் ஒரு கணம் மிதந்தது. அதையும் கையால் அழுத்திக்கொண்டாள்.

"இன்னாடி பண்ற, பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார் மாமா.

எழுந்தாள். மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாள். ஐம்பது வயதில் ஏரியில் தலை மூழ்கியது இதுதான் முதல் தடவை. முகமெல்லாம் சேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். துபாஷியைப் பார்ப்பதுபோல.

"சரியாப் போச்சாடா? போதுமா?"

"ஆச்சும்மா" என்றேன். "முழுசா ஆச்சு."

அவள் பறியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு குந்தினாள். நான் கழியை ஊன்றினேன்.